விட்டதைப் பிடிக்கப் போகாதீங்க

அன்புள்ள அக்கா,

பேர் போட வேணாம், அம்பத்தூர்னு மட்டும் போட்டுக்கோங்க. வயசு 34, ஒரு கம்பெனில ஸ்டோர்ஸ்ல இருக்கேன். லாக்டவுன்ல ஆரம்பிச்ச ஆன்லைன் ரம்மில நாலு லட்சத்துக்கு மேல போயிடுச்சு. வீட்ல தெரிஞ்சு பெரிய சண்டையாகி, போன நவம்பர்ல விட்டேன். ஆகஸ்ட்ல மத்திய அரசு பணம் வச்சு ஆடுற ஆப் எல்லாத்தையும் தடை பண்ணப்போ ரொம்ப நிம்மதியா இருந்துச்சு. தீபாவளி அன்னைக்கு மாமனார் வீட்ல மச்சானுங்க மங்காத்தா போட்டாங்க, பத்து இருபது ரூபா தான், வேணாம்னா மூஞ்சி சுருங்கும்னு உக்காந்தேன், 300 ரூபா ஜெயிச்சேன். அன்னைக்கு ராத்திரி டெலிகிராம்ல வந்த ஒரு வெளிநாட்டு சைட் லிங்க்ல போய் விடியக்காலம் 4 மணிக்குள்ள 22,000 போச்சு. வீட்டுக்காரிக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவ ஆடி அந்த 22,000 மட்டும் எடுத்துட்டு மொத்தமா மூடிடலாம்னு மனசு சொல்லிட்டே இருக்கு. இந்த 11 மாசமும் வீண் தானாக்கா? அவகிட்ட சொல்லணுமா? சில நேரம் நான் இருந்து யாருக்கு என்ன லாபம்னு கூட தோணுது.

---

தம்பி,

முதல்ல உங்க கடைசி வரிக்கு வரேன், மத்ததெல்லாம் அப்புறம். அந்த நினைப்பு வர்ற நேரத்துல தனியா இருக்காதீங்க, மொட்டை மாடிக்குப் போய் உக்காராதீங்க, ஹால்ல பிள்ளைங்க பக்கத்துல வந்து உக்காருங்க. 14416னு ஒரு நம்பர் இருக்கு, டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. நம்ம சென்னையிலயே சினேகான்னு ஒரு தற்கொலைத் தடுப்பு அமைப்பு 1986ல இருந்து இதுக்காகவே இருக்காங்க, 044-24640050. சூதாட்டக் கடன்னு சொன்னா கேவலமா நினைப்பாங்களோன்னு தயங்காதீங்க, தமிழ்நாட்டுல 2022ல ஆன்லைன் சூதாட்டத் தடை அவசரச் சட்டம் வந்ததே ரம்மில பணத்த விட்டு உயிரை விட்டவங்க அத்தனை பேர் இருந்ததால தான், போன் எடுக்குறவங்களுக்கு இது புதுசு கிடையாது. நீங்க இருக்கணும் தம்பி. 22,000 ஒரு தொகை, அவ்வளவு தான், சம்பாதிச்சு கட்டிடலாம்.

இப்ப 11 மாசம். வீண் இல்ல, ஆறுதலுக்காக சொல்லல. அந்த 11 மாசத்துல நீங்க கட்டுன ஈஎம்ஐ கட்டுனது தான, அது திரும்ப வந்து கடனா நிக்கப் போறதில்ல. ஆலன் மார்லட்னு ஒரு அமெரிக்க உளவியலாளர், குடிய விட்டவங்க ஏன் திரும்பவும் விழறாங்கன்னு ரொம்ப வருசம் ஆராய்ச்சி பண்ணவர், அவர் ஒரு விசயத்த தெளிவா பிரிச்சு வச்சார். ஒரு தடவ சறுக்குறது வேற, பழைய வாழ்க்கைக்கே திரும்பிப் போறது வேற. முதலாவது ரெண்டாவதா மாறுறது எங்கன்னா, சறுக்குனதுக்கு அப்புறம் 'அவ்ளோ தான், நான் தேறாத கேஸ், எல்லாம் போச்சு, இனிமே எப்படி இருந்தா என்ன'ன்னு மனசு பேசுது பாருங்க, அந்தப் பேச்சுல தான். உங்க கடிதம் முழுக்க அந்தப் பேச்சு தான் இருக்கு. தீபாவளி ராத்திரியை விட அடுத்து வர்ற பத்து நாள் தான் எனக்கு பயமா இருக்கு.

ஏன்னா சூதுல குடியில இல்லாத ஒரு வில்லங்கம் இருக்கு. குடிச்சவன் இன்னும் குடிச்சா நேத்து குடிச்சது இல்லாம போயிடும்னு நம்ப மாட்டான். ஆனா சூதாடுறவங்களுக்கு நோயே மருந்து மாதிரி வந்து நிக்கும், இன்னொரு ஆட்டம் ஆடுனா தோத்ததே இல்லாம போயிடும், யாருக்கும் தெரியாது, சொல்ல வேண்டியதும் இல்ல. விட்டதைப் பிடிக்கிறதுன்னு நம்ம ஊர்ல சொல்றமே, டாக்டருங்க இந்த நோயைக் கண்டுபிடிக்கப் பார்க்குற அடையாளங்கள்ல அதுவும் ஒண்ணு. 2013ல அமெரிக்க மனநல மருத்துவர்களோட கையேடு சூதாட்டத்த குடி, போதை இருக்குற அதே வரிசையில கொண்டு வந்து வச்சது, அதுக்கு முன்னாடி மனசை அடக்க முடியாத பழக்கம்ங்குற மாதிரி வேற இடத்துல இருந்துச்சு. ஒரு சீட்டுல போச்சேன்னு தோணுற ஆட்டம் இருக்கே, மூளையில ஜெயிக்கும்போது வேலை செய்யிற அதே பகுதிகள் அப்பவும் கிளம்புதுன்னு ஸ்கேன் பண்ணிப் பார்த்திருக்காங்க. அதாவது தோத்துட்டு இருக்கும்போதே உங்க மண்டைக்குள்ள கிட்டத்தட்ட ஜெயிச்சிட்டோம்னு ஓடுது. அப்படி இருக்கறப்ப 22,000 மட்டும் எடுத்துட்டு நிறுத்திடுவேன்ங்குறது எந்த மூளைய நம்பி சொல்றீங்க? எடுத்தாலும் நிறுத்த விடாது தம்பி, அந்த 300 ரூபா ஜெயிச்சது தான உங்கள ராத்திரி லிங்க் தேட வச்சது.

எங்க பெரியப்பா பத்தி சொல்றேன். மவுண்ட் ரோட்ல ஒரு பிரஸ்ல கம்பாசிட்டர், வீடு குரோம்பேட்டை, கிண்டி ரேஸ்ல சம்பளத்த விட்டுட்டே இருந்தவர். பெரியம்மாவோட அண்ணன் ரெண்டு தடவ கந்துவட்டிக் கடனை மொத்தமா அடைச்சார், ரெண்டு தடவையும் கடன் தீர்ந்த தைரியத்துல பெரியப்பா இன்னும் பெருசா பந்தயம் கட்டினார். அப்புறம் எப்படியோ நிறுத்துனார். ஆனா எலெக்ட்ரிக் ட்ரெயின் கிண்டிய தாண்டாம குரோம்பேட்டைக்கு வராதே, ரேஸ் நாள்ல சட்டைப் பையில ரேஸ் புக்க மடிச்சு வச்சுக்கிட்டு கூட்டமா இறங்குவாங்களாம். பிரஸ்ல கூட வேலை பார்த்த பல்லாவரத்துக்காரர் ஒருத்தர் சைதாப்பேட்டை வந்ததும் எதையாவது பேச ஆரம்பிப்பாராம், பரங்கிமலை தாண்டுற வரைக்கும் விடவே மாட்டாராம். அவர் லீவு போட்ட ஒரு நாள் பெரியப்பா இறங்கிட்டார். முழு சம்பளமும் போச்சு. அன்னைக்கு சாயங்காலமே வீட்டுக்கு வந்து வெறும் கவர பெரியம்மா முன்னாடி வச்சு, எவ்வளவு போச்சுன்னு ரூபா சில்லறையோட சொன்னார். பெரியம்மா ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் பிரஸ் முதலாளிய போய்ப் பார்த்து, அடுத்த மாசத்துல இருந்து சம்பளக் கவர என் கையில குடுங்கன்னு கேட்டுட்டு வந்துட்டாங்க. அதுக்கப்புறம் அவர் ரேஸுக்குப் போகவே இல்ல, கடைசி வரைக்கும். அன்னைக்கு சொல்லாம விட்டிருந்தா அடுத்த வாரம் விட்டதைப் பிடிக்க திரும்ப இறங்கியிருப்பார்னு பெரியம்மாவே எங்ககிட்ட சொல்லியிருக்காங்க.

அதனால உங்க கேள்விக்கு என் பதில், சொல்லணும், இன்னைக்கே, முழுசா. முழுசாங்கறத அழுத்திச் சொல்றேன். எனக்கு இந்த விசயமா எழுதுற பொண்டாட்டிங்க நிறைய பேர், அவங்க சொல்றது ஒண்ணே ஒண்ணு தான், பணம் போனத கூட தாங்கிக்கிட்டேன்க்கா, ஒவ்வொரு மாசமும் புதுசா ஒரு கடன் தெரிய வருது பாருங்க அது தான் தாங்கலன்னு. பத்தாயிரம்னு சொல்லி வச்சு, அப்புறம் இருபது, அப்புறம் ஒரு லோன் ஆப், அப்புறம் ஆபீஸ்ல கூட இருக்குறவர்ட்ட வாங்குனது. ஒவ்வொண்ணும் அவங்களுக்கு முதல் நாள் மாதிரியே இருக்கும். பேங்க் ஸ்டேட்மென்ட்ட திறந்து அவங்க கையில குடுத்துட்டு சொல்லுங்க. மன்னிச்சிட்டேன்னு அன்னைக்கே பதில் எதிர்பார்க்காதீங்க, அவங்க கத்தட்டும், பேசாம இருக்கட்டும், அதுக்கு அவங்களுக்கு உரிமை இருக்கு.

இத உங்க வீட்டுக்காரியும் படிச்சா, அவங்களுக்கும் ஒண்ணு. நகைய அடகு வச்சோ, உங்க அப்பாகிட்ட கேட்டோ கடனை ஒரே நாள்ல அடைச்சுக் குடுக்காதீங்கம்மா. பாசத்துல தான் பண்ணுவீங்க, ஆனா அவருக்கு அது திரும்ப ஆட ஒரு காலி ஸ்லேட் ஆயிடும். அவர் சம்பளத்துல இருந்து மாசாமாசம் போகட்டும். காசு உங்க கையில இருக்கட்டும்.

தம்பி, காசு விசயத்த உங்களுக்கு கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா மன உறுதிய விட இது தான் வேலை செய்யுது. சம்பளம் வந்த அன்னைக்கே உங்க அக்கவுண்ட்ல இருந்து வீட்டுக்காரி அக்கவுண்ட்டுக்குப் போயிடணும். உங்க போன்ல யூபிஐ ஒண்ணு மட்டும், அதுவும் பஸ்ஸு டீ செலவுக்கு மட்டும் காசு இருக்குற சின்ன அக்கவுண்ட்ல. கார்டுல ஆன்லைன்ல வாங்குற வசதிய பேங்க் ஆப்லயே ஆஃப் பண்ணலாம், பண்ணுங்க, பாஸ்வேர்ட் அவங்ககிட்ட. கிரெடிட் கார்ட மூடிடுங்க. டெலிகிராம அழிச்சிடுங்க. ராத்திரி போன் ஹால்ல சார்ஜ்ல கிடக்கட்டும், படுக்குற ரூமுக்கு வேணாம். லோன் ஆப் ஏதாவது எடுத்திருந்து அவனுங்க உங்க கான்டாக்ட்ல இருக்கவங்களுக்கு போன் போட்டு மிரட்டுனா, கடன் ஆப் எதுவும் உங்க கான்டாக்ட் லிஸ்ட்ட தொடவே கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2022லயே சொல்லிடுச்சு, சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு போன் பண்ணி புகார் குடுங்க, அத அடைக்க இன்னொரு ஆப்ல எடுக்காதீங்க.

சட்டத்த நம்பி நிம்மதியா இருந்தேன்னு எழுதியிருக்கீங்க. சட்டம் வேணும், நான் முழுசா ஆதரிக்கிறேன். 2025 சட்டம் ஆப் நடத்துறவனுக்கு 3 வருசம் ஜெயில், ஒரு கோடி அபராதம் வரைக்கும் போகுது, ஆடுனவங்கள தண்டிக்கல, அது சரியான முடிவு, அதனால போலீஸ் பிடிக்குமோன்னு பயந்து டாக்டர்ட்ட மறைக்க வேண்டியதில்ல. ஆனா 2003ல லாட்டரிய இங்க நிறுத்துனப்ப பாலக்காட்டுக்குப் போய் வாங்கிட்டு வந்தவங்கள நாம பார்த்தவங்க தான. கடைய மூடுனது உதவும், உள்ள இருக்குற நோய்க்கு வைத்தியம் தனியா பார்க்கணும். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கு ஓபில போங்க, சூதாட்டப் பழக்கம்னு அப்படியே சொல்லுங்க. பேச்சு சிகிச்சை இருக்கு, சிலருக்கு மாத்திரையும் குடுப்பாங்க, கூடவே மனச்சோர்வு இருக்கான்னும் பார்ப்பாங்க, உங்களுக்கு அது கட்டாயம் பார்க்கணும்.

ஆடணும்னு வெறி வரும்போது என்ன பண்றதுன்னு நீங்க கேட்கல, ஆனா வரும். அது வந்த வேகத்துலயே நிக்காது, ஏறி கொஞ்ச நேரத்துல இறங்கிடும், பெரும்பாலும் அரை மணி நேரம் கூட ஆகாது. அந்த நேரத்துக்கு பேச ஒரு ஆள் வேணும், பல்லாவரத்துக்காரர் மாதிரி. ஆபீஸ்ல ஒருத்தர்ட்டயாவது சொல்லி வைங்க. சம்பள நாள், போனஸ் நாள், வீட்ல சண்டை போட்ட நாள், மேட்ச் நாள், இதெல்லாம் முன்கூட்டியே தெரிஞ்சது தான், அன்னைக்கு சாயங்காலம் தனியா இருக்காத மாதிரி பார்த்துக்கோங்க.

அப்புறம் மச்சானுங்க. பொங்கலுக்கும் சீட்டுக்கட்ட எடுப்பாங்க. பத்து ரூபா ஆட்டம்னு அவங்களுக்கு, உங்களுக்கு அப்படி இல்ல. இப்பவே ஒரு மச்சான்ட்ட, உங்களுக்கு நெருக்கமானவர்ட்ட, விசயத்த சொல்லி வைங்க, அவரே மத்தவங்கள சமாளிக்கட்டும். சொல்ல முடியலன்னா சீட்டு விரிச்ச உடனே பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு கடைக்குக் கிளம்பிடுங்க. மாமனார் மூஞ்சி சுருங்குனா சுருங்கட்டும்.

இன்னைக்கு ராத்திரி அவங்ககிட்ட பேசிட்டு, என்ன ஆச்சுன்னு எனக்கு ரெண்டு வரி எழுதுங்க. அத பிரசுரிக்க மாட்டேன்.

அன்புடன்,
அக்கா