ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வளர்ச்சி உளவியல் பாடம் எடுப்பவன் என்பதால் எல்லாரும் கேள்விகளை என் பக்கம் தள்ளிவிட்டீர்கள். சரி, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கேள்வி: மகளுக்கு நாலரை வயது. அதே தண்ணீரை நெட்டை டம்ளருக்கு மாற்றினால் "இதுலதான் நிறைய" என்கிறாள். எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. மந்தமா?

இல்லவே இல்லைங்க. அவள் கண்முன்னாலேயே மாற்றி ஊற்றினாலும் அப்படித்தான் சொல்வாள், ஏனென்றால் உயரத்தைப் பார்க்கும்போது அகலத்தையும் சேர்த்துக் கணக்கில் எடுக்க அந்த வயதில் வராது. குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே இதே தண்ணீர் விளையாட்டைப் பல குழந்தைகளிடம் செய்து பார்த்தார். ஆறேழு வயதில் "திருப்பி ஊத்தினா அதேதானே" என்று அவளே உங்களுக்குப் பாடம் எடுப்பாள். அதுவரை டம்ளர்களைக் கொடுத்து விளையாட விடுங்கள், தரை துடைக்கத் துணி மட்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

கேள்வி: எனக்கு 52. புது மொழி கற்க ஆசை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

உச்சரிப்பில் மட்டும் அந்தப் பழமொழிக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கலாம். வீட்டில் பேசாத மொழியின் ஒலி வேறுபாடுகளைக்கூட ஆறு மாதக் குழந்தை பிரித்துக் கேட்கும், ஒரு வயது நெருங்கும்போதே அந்தக் கூர்மை மங்கத் தொடங்கிவிடும். மற்றபடி கவலை வேண்டாம். உளவியலாளர் வார்னர் ஷாயீ 1956இல் அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கிய ஆய்வில் அதே ஆட்களை ஏழு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். வேகம் சீக்கிரமே குறைகிறது, ஆனால் சொல்வளம் போன்ற பல திறன்கள் சராசரியாக 60 வரை பெரிதாகச் சரியவில்லை. அப்படியில்லாமல் இளைஞர்களையும் முதியவர்களையும் ஒரே சமயத்தில் சோதித்து ஒப்பிட்டால், முதியவர்களுக்கு அந்தக் காலத்தில் இருந்த படிப்பு வாய்ப்புக் குறைவின் பழியும் சேர்ந்து வயதின் தலையில் விழும். அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்.

அதே நபர்: படித்தது மறுவாரம் மறந்துவிடுகிறதே?

திரும்பத் திரும்ப வாசிக்கிறீர்கள், அதுதான் சிக்கல். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் மாணவர்களிடம் சோதித்தபோது, ஐந்து நிமிடம் கழித்து மறுவாசிப்புக்காரர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ நினைவுகூர்ந்து எழுதியவர்கள்தான் முன்னே நின்றார்கள்.

கேள்வி: என் பையன் "பார்த்துக் கற்கும் வகை" என்கிறார்கள். அதற்கேற்ப மாற்றணுமா?

வேண்டாம். அந்த வகைப்பாட்டுக்கேற்பக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை.

கேள்வி: 16 வயது மகன் தனியாக இருந்தால் தங்கம், நண்பர்களோடு சேர்ந்தால் தலைகீழ்!

நடிப்பில்லை அது. கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரு உளவியலாளர்கள் 2005இல் கார் ஓட்டும் கணினி விளையாட்டு வைத்துப் பார்த்தார்கள், நண்பர்கள் உடனிருந்தால் பதின்வயதினர் துணிந்து ஆபத்தில் இறங்கினார்கள், பெரியவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. நிதானத்துக்குப் பொறுப்பான முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் புத்திமதியை விட, கும்பலாக வண்டியில் கிளம்பும் நேரத்தில் சாவி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.