சுருள்வில் விதியை மீறுகிறதா?

கேள்வி: பள்ளி ஆய்வகத்தில் ஹூக் விதிச் சோதனை செய்கிறோம் (சுருள்வில்லின் நீட்சி, அதை இழுக்கும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதே அந்த விதி). 300 கிராம் வரை வரைபடம் நேர்கோடு. அதற்கு மேல் வளைகிறது. "இப்படி மீறப்படுவதை ஏன் சார் விதி என்கிறோம்?" என்று ஒரு மாணவர் கேட்டார். ஒரு வாய்பாடு இயற்கை விதியா, தற்செயலான பொருத்தமா என்று எப்படிப் பிரித்துக் காட்டுவது?

பதில்: தத்துவத்துக்குப் போகுமுன் அட்டவணையைப் பார்த்துவிடுவோம். சுருள் மாறிலி, அதாவது ஒரு மீட்டர் நீட்சிக்கு எவ்வளவு விசை என்ற அளவு, 25 நியூட்டன்/மீட்டர் என்றால், ஒவ்வொரு 50 கிராமுக்கும் ஏறத்தாழ 2 செ.மீ. நீள வேண்டும். சுற்றுகள் ஒன்றோடொன்று இறுக ஒட்டிய சுருள்வில்லில் முதல் எடைக்கு நீட்சியே இருக்காது; அந்தச் சுற்றுகளைப் பிரிக்கவே கொஞ்சம் விசை வேண்டும். அந்தப் புள்ளியை விட்டுவிட்டுக் கோடு போடுங்கள். கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகாது. ஆனால் சாய்வு சரியாகவே இருக்கும். குறிமுள்ளைக் கண்மட்டத்தில் வைத்துப் படிக்காவிட்டால் இடமாறு தோற்றப்பிழை வரும்; பார்க்கும் கோணத்தால் அளவு மாறித் தெரியும்.

அடுத்து, பலரும் தவிர்த்துவிடும் ஒரு படி: எடைகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே மறுபடி அளவெடுங்கள். குறிமுள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் சில மில்லிமீட்டர் கீழே நின்றால், மீட்சி எல்லை, அதாவது விசையை எடுத்ததும் பழைய நீளத்துக்குத் திரும்பக்கூடிய எல்லை, தாண்டிவிட்டது. உலோகத்தின் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் புது இடத்தில் அமர்ந்துவிட்டன.

மாணவரின் கேள்விக்கு விடை இந்தப் படியில்தான் தொடங்குகிறது. "நிபந்தனைக்குள் மட்டும் பொருந்தும்" என்று யார் வேண்டுமானாலும் சொல்லித் தப்பிக்கலாம். பொருந்தாத ஒவ்வொரு இடத்தையும் நிபந்தனைக்கு வெளியே தள்ளினால், "சரியாக இருக்கும்போது சரியாக இருக்கும்" என்பதுதான் மிஞ்சும். ஆகவே நிபந்தனையை விதியின் துணையில்லாமல் தனியாகச் சோதிக்க முடிகிறதா என்று பாருங்கள். எஃகுச் சுருள்வில்லில் முடிகிறது: கோடு நேரா வளைவா என்று பார்க்காமலே, எடையை இறக்கி நீளம் திரும்புகிறதா என்று அறியலாம். (ரப்பர் பேண்டில் இதைச் செய்து காட்டாதீர்கள். அது ஏறக்குறைய பழைய நீளத்துக்குத் திரும்பும், ஆனாலும் கோடு வளைந்தே வரும். ஏற்றும்போது ஒரு பாதை, இறக்கும்போது இன்னொரு பாதை.)

இனி தற்செயல். 0, 3, 6, 12, 24 என்று இரட்டித்துக்கொண்டே போங்கள்; ஒவ்வொன்றோடும் 4 கூட்டி 10-ஆல் வகுங்கள். 0.4, 0.7, 1, 1.6, 2.8, 5.2, 10 என்று வரும். 2.8-ஐ விட்டால் இவை புதன் முதல் சனி வரை சூரியனிலிருந்து உள்ள தொலைவுகள், வானியல் அலகில் (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தொலைவு 1), கிட்டத்தட்ட. 1766-இல் ஜெர்மானிய அறிஞர் டிட்டியஸ் சொன்னது; 1772-இல் வானியலாளர் போடே பரப்பினார். 1781-இல் கண்ட யுரேனஸ் 19.2-இல் இருந்தது, வாய்பாடு சொன்னது 19.6. காலியாக இருந்த 2.8-இல் 1801-இல் செரஸ் என்ற குறுங்கோள் கிடைத்தது. முன்கணிப்பு பலித்தால் விதி என்று பாடநூல்கள் சொல்வது எவ்வளவு அவசரமானது பாருங்கள்! 1846-இல் நெப்டியூன் வந்தது. வாய்பாடு 38.8 என்றது, இருந்ததோ 30.07.

அதே நெப்டியூனில் கெப்ளரின் மூன்றாம் விதியைப் போட்டுப் பாருங்கள்: தொலைவை வானியல் அலகில் எடுத்து முப்படியாக்கினால், அதன் வர்க்கமூலமே சுற்றுக்காலம், ஆண்டுகளில். 1619-இல் வெளியான அதுவும் ஆறே கோள்களை வைத்து எழுந்ததுதான். 30.07-இன் முப்படி சுமார் 27,190. அதன் வர்க்கமூலம் 164.9. நெப்டியூன் சூரியனைச் சுற்றுவது சுமார் 164.8 ஆண்டுகளில்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? "ஒரு கோள் 7 வானியல் அலகில் இருந்திருந்தால்?" என்று கேளுங்கள். போடே வாய்பாடு அங்கே கோளே இல்லை என்கிறது, ஆனால் ஒன்று இருப்பதைத் தடுக்க அதனிடம் எதுவும் இல்லை. கெப்ளரோ 18.5 ஆண்டு என்று உடனே சொல்வார். கோளின் நிறை சூரியனோடு ஒப்பிடச் சிறியது என்பதே அவருடைய நிபந்தனை. அது ஏன் தேவை என்பதும் நியூட்டனின் ஈர்ப்பு விதியிலிருந்தே வருகிறது. நடக்காத ஒன்றைப் பற்றியும் வாய் திறப்பதுதான் விதிக்கு நான் தரும் முதல் அடையாளம்.

அப்படிப் பேச அதற்கு எங்கிருந்து அதிகாரம் என்பதில் தத்துவ அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டுத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூமின் வழி வந்தவர்களுக்கு விதி என்பது நிகழ்வுகளின் ஒழுங்கைச் சுருக்கிச் சொல்வது. ஆஸ்திரேலியத் தத்துவ அறிஞர் டேவிட் ஆம்ஸ்ட்ராங் போன்றவர்களுக்குப் பண்புகளுக்கிடையே உண்மையிலேயே ஒரு கட்டாயத் தொடர்பு உண்டு. வகுப்பில் இதைத் தீர்த்துவைக்க வேண்டியதில்லை. ஆனால் 'மீறல்' என்ற சொல்லைத் திருத்துங்கள். தமிழில் ஊழும் விதி, சாலையில் நடப்பதும் விதி. அதனால் கம்பி ஏதோ கட்டளையை மீறியதுபோலத் தோன்றுகிறது. கம்பிக்கு யாரும் கட்டளையிடவில்லை.

பதிவேட்டில் "0.5 முதல் 3 நியூட்டன் வரை, 25 நியூட்டன்/மீட்டர்" என்று எல்லையோடு எழுதச் சொல்லுங்கள். 350 கிராம் புள்ளியை ரப்பர் வைத்து அழிக்க விடாதீர்கள். அதற்குப் பக்கத்தில், எடை இறக்கியபின் குறிமுள் எங்கே நின்றது என்பதையும் குறிக்கட்டும்.