கையில் துப்பாக்கி இருந்தால் தைரியமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒருவர், "திரும்பத் திரும்பப் படிக்கும் நாவல் எது?" என்று கேட்டிருந்தார். ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். வந்து சேர்ந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த நாவலைப் பற்றித்தான். சரி, இந்த முறை சினிமாவும் அரசியலும் ஓரமாக இருக்கட்டும்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930களின் முற்பாதி, அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலத்தில் மேகோம் என்றொரு கற்பனைச் சிற்றூர். அட்டிகஸ் ஃபிஞ்ச் அங்கே வக்கீல், மனைவியை இழந்தவர். பிள்ளைகள் இருவர்: ஜெம், அவனுக்கு நாலு வயது இளையவள் ஸ்கௌட். வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளிக்காக அட்டிகஸ் வாதாடுகிறார், தோற்கிறார். இதையெல்லாம் சொல்பவள் ஸ்கௌட். கதை தொடங்கும்போது அவளுக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை. முடிவைப் போட்டு உடைத்துவிட்டேனே என்று கோபிக்காதீர்கள், முடிவு தெரிந்தாலும் கெட்டுப்போகாத நாவல் இது.

கேள்வி: சார், நாவலில் வரும் 'தைரியம்' பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். அட்டிகஸ் வெறிநாயைச் சுடும் காட்சியை எழுதினேன். பேராசிரியை சிவப்பு மையில் கோடு போட்டுவிட்டார். என்ன தப்பு? (கல்லூரி மாணவி)

தப்பு உங்கள்மேல் முழுக்க இல்லை. ஹார்ப்பர் லீயே விரித்த வலை அது, நீங்கள் போய் விழுந்துவிட்டீர்கள். அந்தக் காட்சிக்கு முன்புவரை பிள்ளைகளுக்கு அப்பாவைப் பற்றி ஒரே வருத்தம். வயசாகிவிட்டது, கண்ணாடி போட்டிருக்கிறார், மற்ற அப்பாக்களைப் போல வேட்டைக்குப் போவதில்லை, பேப்பர் படித்துக்கொண்டே இருக்கிறார். அப்புறம் ஒரு நாள் வெறிநாய் தெருவில் வருகிறது. ஷெரீப் (அந்த வட்டாரப் போலீஸ் அதிகாரி) துப்பாக்கியை அட்டிகஸ் கையில் திணிக்க, அவர் ஒரே குண்டில் வீழ்த்துகிறார். வாலிபத்தில் அவர்தான் அந்த வட்டாரத்திலேயே குறி தவறாதவர் என்பது அன்றைக்குத்தான் வெளியே வருகிறது. ஜெம்முக்குத் தலைகால் புரியவில்லை. நமக்கும் கை தட்டத்தான் தோன்றும்.

அடுத்த அத்தியாயத்திலேயே கதை திருப்பிப் போடப்படுகிறது. திருமதி டுபோஸ் என்று ஒரு கிழவி, வாயைத் திறந்தால் வசவு, அட்டிகஸ் கறுப்பர்களுக்காக வாதாடுவதைச் சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளைக் குத்துகிறாள். பொறுக்கமாட்டாத ஜெம் அவள் தோட்டத்துக் கமேலியாச் செடிகளை எல்லாம் ஒடித்துப் போட்டுவிடுகிறான். தண்டனையாக, ஒரு மாதம் தினமும் மாலையில் அவளுக்குப் புத்தகம் வாசித்துக் காட்ட வேண்டும். அலாரம் அடிக்கும் வரை வாசிக்க வேண்டும், அந்த அலாரமோ நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி அடிக்கிறது. அவள் இறந்த பிறகுதான் விஷயம் தெரிகிறது: வலிக்காக மார்ஃபின் எடுத்து, அதற்கே அடிமையாகிப் போனவள், யாருக்கும் எதற்கும் கடன்படாமல் சாக வேண்டும் என்று அதை விட்டொழித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த அலாரம் அடுத்த வேளை மருந்து வரை அவள் தாக்குப்பிடிக்க வேண்டிய நேரத்தின் கணக்கு. கையில் துப்பாக்கி வைத்திருக்கும் ஆள்தான் தைரியசாலி என்று நீ நினைத்துவிடக் கூடாது என்கிறார் அட்டிகஸ் மகனிடம். தொடங்கும் முன்பே தோற்றுவிட்டோம் என்று தெரிந்தும் தொடங்கி, கடைசிவரை விடாமல் பார்ப்பதுதான் தைரியமாம்.

இதில் எனக்குப் பிடித்த சங்கடம் என்னவென்றால், அந்தக் கிழவி அசல் இனவெறிக்காரி. கடைசி மூச்சுவரை திருந்தவில்லை. தைரியத்துக்கு உதாரணம் காட்ட நல்லவர் ஒருவரைத் தேடாமல் இவளைப் பிடித்துவந்து நிறுத்தியிருக்கிறார் ஹார்ப்பர் லீ. கட்டுரையை மறுபடி எழுதும்போது இந்த இடத்தை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: இது உண்மைக் கதையா?

அப்படியே நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் சுற்றிலும் நிஜம் இருக்கிறது. ஹார்ப்பர் லீ 1926-ல் அலபாமாவின் மன்ரோவில் ஊரில் பிறந்தவர். அப்பா வக்கீல். அவர் 1919-ல் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு கறுப்பினத்தவருக்காக வாதாடினார், இருவருமே தூக்கிலிடப்பட்டார்கள். நாவலில் கோடை விடுமுறைக்கு வந்துபோகும் டில் என்ற பையன், பக்கத்து வீட்டில் வளர்ந்த எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டியின் சாயல்.

அப்புறம் அதே அலபாமாவில் 1931-ல் ஸ்காட்ஸ்பரோ வழக்கு. சரக்கு ரயிலில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்களைக் கெடுத்ததாக ஒன்பது கறுப்பின இளைஞர்கள் பிடிபட்டார்கள், சில வாரங்களிலேயே எட்டுப் பேருக்கு மரண தண்டனை. பிறகு அந்தப் பெண்களில் ஒருத்தியே அப்படி எதுவும் நடக்கவில்லை என்று நீதிமன்றத்தில் சொன்னாள், அப்போதும் ஜூரி (தீர்ப்புச் சொல்ல உட்காரவைக்கும் பொதுமக்கள் குழு) குற்றவாளி என்றுதான் தீர்ப்பளித்தது. சாட்சியம் நிற்காது என்று அந்தத் தீர்ப்பை 1933-ல் ரத்து செய்த நீதிபதி ஜேம்ஸ் ஹார்ட்டன், அடுத்த ஆண்டு தேர்தலில் பதவியை இழந்தார். அங்கே நீதிபதிகளும் ஓட்டு வாங்கித்தான் வர வேண்டும்.

கேள்வி: டாம் நிரபராதி என்று ஒரு குழந்தைக்குக்கூடப் புரிகிறது. அத்தனை ஜூரிகளுக்கும் புரியாமல் போனது நம்பும்படி இல்லையே? (ஓய்வு பெற்ற வக்கீல்)

ஐயா, புரியவில்லை என்று யார் சொன்னது? பெண்ணின் வலது கண்தான் கன்றிப்போயிருந்தது, முகத்தில் அடிபட்டதெல்லாம் பெரும்பாலும் வலது பக்கம். எதிரே நின்று அடித்தவன் இடது கைக்காரனாக இருக்க வேண்டும். பெண்ணின் அப்பன் பாப் யூவெல்லிடம் ஒரு கவரை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார் அட்டிகஸ், அவன் இடது கையால் போடுகிறான். டாமுக்கோ சிறுவயதில் பஞ்சு அரைக்கும் இயந்திரத்தில் சிக்கிய இடது கை, வலது கையைவிட ஓரடி குட்டை, உயிரே இல்லாத கை. குறுக்கு விசாரணை அனுபவம் உள்ள உங்களுக்கு நான் சொல்லணுமா, இதற்கு மேல் ஒரு டிஃபென்ஸுக்கு என்ன வேண்டும்?

கேஸ் உடையும் இடம் வேறு. அந்தப் பெண் மேயெல்லா. குப்பைமேட்டை ஒட்டிய வீடு, குடிகார அப்பன், கவனிக்க ஆளில்லாத ஏழு தம்பி தங்கைகள். முற்றத்து மூலையில் ஓட்டை உடைசல் வாளிகளில் சிவப்பு ஜெரேனியம் வளர்த்துப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வாள். வேலைக்குப் போகும் வழியில் டாம் அவளுக்கு விறகு பிளந்து கொடுத்திருக்கிறான், தண்ணீர் தூக்கிக் கொடுத்திருக்கிறான், காசு வாங்கவில்லை. சம்பவத்தன்று வீட்டில் குழந்தைகள் சத்தமே இல்லை. ஐந்து சென்ட் நாணயமாக ஏழு நாணயம், வெறும் முப்பத்தைந்து சென்ட், அதை ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்து அத்தனை பேரையும் ஐஸ்கிரீம் வாங்க அனுப்பியிருக்கிறாள். அந்த முப்பத்தைந்து சென்ட் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் போய்விடும். முத்தமிட்டது அவள். ஜன்னல் வழியாகப் பார்த்தவன் அப்பன்.

அரசுத் தரப்பு வக்கீல் டாமைக் கேட்கிறார்: கூலியில்லாமல் ஏன் இத்தனை வேலை செய்தாய்? அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்கிறான். சொன்ன மறுகணமே தப்பு செய்துவிட்டோம் என்று அவனுக்கே தெரிகிறது. கறுப்பன் ஒருவன், கூலிக்காரன், வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்துப் பரிதாபப்படுவதா? திருடியிருந்தால்கூட மன்னித்திருப்பார்கள் போல, பரிதாபப்பட்டதை மன்னிக்க முடியவில்லை. ஜூரிப் பெஞ்சில் ஒரு கறுப்பர் கிடையாது, பெண்ணும் கிடையாது, அலபாமாவில் பெண்கள் ஜூரியாக உட்கார 1960கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்களுக்கு ஆதாரம் எல்லாம் புரிந்துதான் இருந்தது, அதனால்தான் சில மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். டாமை விட்டுவிட்டால் மறுநாள் காலை ஊரில் எந்த முகத்தோடு நடப்பது என்பதுதான் அவர்கள் பிரச்சினை. ஜெம்மும் உங்களைப் போலத்தான், ஆதாரம் ஜெயிக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தான்.

கேள்வி: 'பூ ராட்லி' என்பது பெண்ணா? பெயர் அழகாக இருக்கிறதே.

ஆண். மலருக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து பயமுறுத்தும்போது போடும் சத்தம் அந்த 'பூ'. நிஜப் பெயர் ஆர்தர். பல வருஷங்களாக வீட்டைவிட்டு வெளியே வராதவர், அதனால் பூனையைப் பச்சையாகத் தின்பவர் என்ற அளவுக்கு ஊரில் கதை. பிள்ளைகளும் அதை நம்பி, அவர் வீட்டைத் தொட்டுவிட்டு ஓடிவருவதையே வீரமாக வைத்திருக்கிறார்கள். இதற்கு நடுவில் ராட்லி வீட்டு ஓக் மரப் பொந்தில் யாரோ சாமான் வைக்கிறார்கள்: சூயிங்கம், பழைய காசு, சோப்பில் செதுக்கிய இரண்டு குட்டிப் பொம்மைகள் (அச்சு அசல் ஜெம்மும் ஸ்கௌட்டும்), ஓடாத பாக்கெட் கடிகாரம். நன்றிக் கடிதம் எழுதிப் போடலாம் என்று அவர்கள் போகும்போது, ராட்லியின் அண்ணன் அந்தப் பொந்தைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டான். மரம் செத்துக்கொண்டிருக்கிறது என்றானாம். மரம் நன்றாகத்தான் இருந்தது. ஜெம் அன்று ராத்திரி அழுதிருக்கிறான் என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறாள் ஸ்கௌட், காரணம் அவளுக்கு விளங்கவில்லை. ஊர்க்காரர்கள் டாம் விஷயத்தில் செய்ததைப் பிள்ளைகள் விளையாட்டாக இந்த மனிதர்மேல் செய்துகொண்டிருந்தார்கள் என்று ஆசிரியை எங்கேயும் எழுதவில்லை. நாமே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

கேள்வி: கடைசியில் ஷெரீப் பொய் சொல்கிறார், நேர்மைக்குப் பெயர்போன அட்டிகஸும் ஒத்துக்கொள்கிறார். இதுதான் நீதியா?

இந்த ஒரு கேள்விக்காகவே அந்த நாவலை மறுபடி எடுத்தேன். நடந்தது இது: கோர்ட்டில் அவமானப்பட்ட பாப் யூவெல், ஹாலோவீன் இரவில் பிள்ளைகளைக் கத்தியோடு தாக்குகிறான். இருட்டில் வந்து காப்பாற்றியவர் பூ ராட்லி, யூவெல் செத்துக் கிடக்கிறான். அட்டிகஸ் முதலில் ஜெம்தான் கொன்றுவிட்டான் என்று நினைத்து, என் மகனாக இருந்தாலும் விசாரணை நடக்கட்டும் என்கிறார். ஷெரீப் ஹெக் டேட் பிடிவாதமாக, யூவெல் தன் கத்தியிலேயே விழுந்து செத்தான் என்கிறார். ராட்லியைக் கோர்ட்டுக்கு இழுத்தால் தண்டனை கிடைக்காதுதான், ஆனால் நன்றி சொல்ல வரும் கூட்டமே அந்தக் கூச்ச சுபாவிக்குத் தண்டனை.

கவனித்தால் கொஞ்சம் தலை சுற்றும். விதிப்படி நடந்த விசாரணையில் ஒரு நிரபராதி செத்தான். டாம் சிறையிலிருந்து தப்ப முயன்றபோது சுட்டார்கள், பதினேழு குண்டுகள். விதியை மடக்கி வைத்த இடத்தில் இன்னொருவர் பிழைக்கிறார். எனக்கு இதில் முழு சம்மதம் கிடையாது. சட்டத்தை மடக்கும் உரிமை மேகோமில் யாருக்கு இருந்தது? வெள்ளைக்கார ஷெரீபுக்கு இருந்தது, இன்னொரு வெள்ளைக்காரருக்காக. டாமுக்காக யாரும் ஒரு சின்னப் பொய்கூடச் சொல்லவில்லை. ஆனாலும், தாழ்வாரத்தில் ஸ்கௌட் ராட்லியின் கையைப் பிடித்து வீடுவரை கொண்டுபோய் விடும் பக்கம் வரும்போது இந்த வாதமெல்லாம் எனக்கு மறந்துதான் போகிறது.

கேள்வி: அட்டிகஸைக் கடவுளாக்குவது சரியா? கறுப்பின மக்கள் இதில் வெறும் பார்வையாளர்கள்தானே?

நியாயமான குற்றச்சாட்டு. அங்கேயும் பல வருஷமாகச் சொல்கிறார்கள். தீர்ப்பு முடிந்து அட்டிகஸ் வெளியேறும்போது மாடியில் உட்காரவைக்கப்பட்ட கறுப்பின மக்கள் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள், நமக்குச் சிலிர்க்கிறது. அந்த மாடியில் இருந்தவர்கள் வீட்டுக்குப் போய் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது நாவலில் இல்லை. சமையல்காரி கல்பூர்னியா பிள்ளைகளைத் தன் தேவாலயத்துக்குக் கூட்டிப்போகும் அத்தியாயத்தில் மட்டும் கதவு லேசாகத் திறக்கிறது. வெள்ளைக்காரப் பிள்ளைகளை ஏன் இங்கே கூட்டிவந்தாய் என்று ஒரு பெண் முகத்துக்கு நேரே கேட்கிறாள். அவள் பக்கம் நின்று ஒரு நாவல் எழுதினால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

2015-ல் வெளிவந்த ஹார்ப்பர் லீயின் 'கோ செட் எ வாட்ச்மேன்' இதற்கு முன்பே எழுதப்பட்ட பிரதி. அதில் கிழவராகிவிட்ட அட்டிகஸ், கறுப்பர்களுக்குச் சம உரிமை தருவதை எதிர்க்கும் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். பலருக்கு நெஞ்சே உடைந்தது. விசித்திரம் என்னவென்றால், அந்தப் பிரதியில் சுருக்கமாக வந்துபோகும் பழைய வழக்கில் அட்டிகஸ் ஜெயித்திருப்பார். தோல்வியாக மாற்றியபோதுதான் 1961-ன் புலிட்சர் பரிசு பெற்ற நாவல் பிறந்தது.

கேள்வி: படம் பார்த்தால் போதாதா?

1962 படம் நல்ல படம். அட்டிகஸாக நடித்த கிரிகரி பெக் ஆஸ்கர் வாங்கினார். ஆனால் டுபோஸ் கிழவியின் அலாரம் அதில் அடிக்காது.

கேள்வி: சரி, ஒரே பெயர் சொல்லுங்கள். நாவலில் யார் தைரியசாலி?

டாம் ராபின்சன். சாட்சிக் கூண்டில் ஏறிப் பைபிள்மீது இடது கையை வைத்துப் பிரமாணம் எடுக்க வேண்டும். அந்தச் செத்த கை நிற்காமல் வழுக்கி மேசையில் விழுகிறது. எடுத்து மறுபடி வைக்கப் பார்க்கிறான். போதும் டாம் என்று நீதிபதி சொன்ன பிறகுதான் நிறுத்துகிறான்.