பையன் சட்டைப் பையில் கஞ்சா: ஸ்டேஷனா, ஆஸ்பத்திரியா?

காட்பாடியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். காலேஜில் படிக்கிற 19 வயது மகனின் சட்டையைத் துவைக்கப் போட்டபோது ஒரு சின்னக் கஞ்சா பொட்டலம் கிடைத்திருக்கிறது. கேட்டால் ஆறு மாதமாகப் பழக்கம் என்கிறானாம். "நீயே ஸ்டேஷன்ல விட்டுடு, நாலு நாள் உள்ள இருந்தா புத்தி வரும்" என்கிறார் இவருடைய அண்ணன். செய்யலாமா?

வேண்டாம் அம்மா. முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

உங்கள் அண்ணனின் கோபம் நியாயமானதுதான். காட்பாடி ஜங்ஷனில் சீட்டுக்கு அடியில் கேட்பாரற்றுக் கிடந்த பையில் கஞ்சா என்று எத்தனை முறை செய்தி படித்திருக்கிறோம். அப்படிக் கொண்டு வந்து இறக்குகிறவனுக்குச் சட்டம் கடுமையாகத்தான் இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 20 கிலோவுக்கு மேல் என்றால் குறைந்தது 10 வருஷம், ஜாமீனும் லேசில் கிடைக்காது.

ஆனால் அதே கடுமையைப் பழக்கத்தில் விழுந்த பையன் மேல் காட்டினால் என்ன ஆகும்? தொரப்பாடி ஜெயிலில் யாரோடு உட்கார்ந்திருப்பான், வெளியே வந்ததும் யாரைத் தேடிப் போவான் என்று யோசித்துப் பாருங்கள். வழக்கு என்று ஒன்று விழுந்துவிட்டால் பாஸ்போர்ட், அரசு வேலை என எல்லாவற்றிலும் அது வந்து நிற்கும். 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தையே 2001-ல் திருத்தி, வைத்திருந்த அளவுக்கு ஏற்றபடி தண்டனை என்று மாற்றினார்கள். இப்போது கஞ்சாவில் ஒரு கிலோவுக்குக் குறைவு என்றால் சிறு அளவு, அதற்கு அதிகபட்சம் ஒரு வருஷச் சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், இல்லை இரண்டும். ஒரு கிராம் என்றாலும் குற்றம் குற்றம்தான், அதனால் தள்ளிப் போடாதீர்கள்.

உங்களுக்கு உதவுவது 64ஏ பிரிவு. போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை எடுத்தால், உபயோகித்ததற்கும் சிறு அளவு வைத்திருந்ததற்கும் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. ஆனால் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு பறிபோகலாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய், ஓபி சீட்டிலிருந்து டிஸ்சார்ஜ் சம்மரி வரை ஒரு தாளையும் தொலைக்காமல் வையுங்கள். பாகாயத்தில் சிஎம்சி மனநல மையமும் இருக்கிறது. போவதற்கு முன் பேசிப் பார்க்க 14446, போதை மீட்புக்கான இலவச எண்.

அப்புறம் அவனிடம் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்லுங்கள்: "இந்தப் பையைக் கொஞ்சம் கொண்டு போய்க் கொடுத்துடு மச்சான்" என்று யார் கேட்டாலும் தொடக்கூடாது. உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது என்பதைக் கோர்ட்டில் அவன்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

அவனுக்கு விற்றது யார் என்று தெரிந்தால் 10581-க்குச் சொல்லலாம். அந்த போனை உங்கள் அண்ணனே போடட்டும்.