பனியில ரியர் வீல் டிரைவ் ஓட்டலாமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: சார், மாண்ட்ரியால்ல இருக்கேன். 1990 மாடல் மஸ்டா எம்எக்ஸ்-5 ஒண்ணு வாங்கிட்டேன், மேனுவல் கியர், ஏபிஎஸ் கிடையாது. ரியர் வீல் டிரைவ் வண்டிய ஸ்னோல எடுத்தா நேரா பள்ளத்துலதான் போய் நிப்பேன்னு ஆபீஸ்ல எல்லாரும் பயமுறுத்துறாங்க. டிசம்பர் வந்ததும் மூடி போட்டு வச்சிடணுமா?

பதில்: ஓட்டலாங்க, தாராளமா ஓட்டலாம். உங்க ஆபீஸ்காரங்க பயப்படுறது தப்பான விஷயத்துக்கு. முன் சக்கரம் இழுக்குதா பின் சக்கரம் தள்ளுதாங்கிறது கிளம்புறப்பவும் மேடு ஏறுறப்பவும்தான் பெரிய வித்தியாசம் காட்டும், நிறுத்துறதுன்னு வந்துட்டா எந்த வண்டியா இருந்தாலும் நாலு டயரும்தான் பிடிக்கணும். ஆல் சீசன் டயரோட ஓடுற பெரிய எஸ்யூவி சிக்னல்ல வழுக்கிக்கிட்டு நடுவுல போய் நிக்கிறத நீங்களே அங்க பாத்திருப்பீங்க.

அதனால முதல் செலவு விண்டர் டயர், நாலும் ஒரே மாதிரி. பின்னாடி ரெண்டு மட்டும் போதும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, திருப்புறதும் பிரேக்கோட பெரும்பங்கும் முன் சக்கரத்து வேலை. உங்க மாண்ட்ரியால் இருக்கிற க்யூபெக் மாகாணத்துல டிசம்பர் 1ல இருந்து மார்ச் 15 வரைக்கும் அங்க ரெஜிஸ்டர் ஆன வண்டிக்கு விண்டர் டயர் சட்டப்படியே கட்டாயம், டயர் பக்கவாட்டுல மலைக்குள்ள பனித்துகள் போட்ட அடையாளம் இருக்கான்னு பாத்து வாங்குங்க. சாதாரண டயரோட ரப்பர் 7 டிகிரிக்குக் கீழ போனாலே இறுக ஆரம்பிச்சிடும், விண்டர் டயர் அந்தக் குளிர்லயும் மெத்துன்னு இருந்து ரோட்டப் பிடிக்கும். பட்டன் ஆழம் 4 மில்லிமீட்டர் கிட்ட தேஞ்சிட்டா பனிக்கு அது லாயக்கில்ல, மாத்திடுங்க. உங்க வண்டிக்கு கம்பெனி கொடுத்த 185/60 ஆர்14 சைஸே போதும், அகலமான டயர் பனி மேல மிதக்கும், ஒல்லியான டயர் பனிய வெட்டிக்கிட்டு கீழ இறங்கும்.

நான் நிஜமா பயப்படுறது பனிக்கு இல்ல, உப்புக்கு. ரோட்ல கொட்டுற உப்பு முப்பது வருஷத்துக்கு மேல தாக்குப்பிடிச்ச தகரத்த சில சீசன்லயே தின்னுடும். இந்த எம்எக்ஸ்-5ல பின் சக்கரத்துக்கு முன்னாடி, கதவுக்குக் கீழ இருக்கிற அந்த சில் பகுதிதான் முதல்ல போகும், ஏன்னா துணிக்கூரையில விழுற தண்ணி சீட்டுக்குப் பின்னாடி இருக்கிற ஓட்டை வழியா கீழ வடியணும், அது இலையும் மண்ணும் சேந்து அடைச்சிட்டா தண்ணி சில்லுக்குள்ள தேங்கி உள்ள இருந்தே துருப்பிடிச்சிக்கிட்டு வரும், வெளிய பெயின்ட் உப்புறப்போ உள்ள ஒண்ணும் மிச்சமிருக்காது. அந்த ஓட்டைய இப்பவே சுத்தம் பண்ணிட்டு, குளிர் வர்றதுக்கு முன்னாடி அடிப்பாகத்துக்கு ஆயில் ஸ்ப்ரே அடிச்சிடுங்க. கொஞ்சம் வெயில் வர்ற நாள்ல அடியில தண்ணி பீச்சிக் கழுவுங்க. இன்னொண்ணு, குளிர்ல கூரைய மடிக்கவே மடிக்காதீங்க, பின்னாடி பிளாஸ்டிக் கண்ணாடி அப்படியே விரிசல் விட்டுடும்.

எங்கிட்ட கேட்டா, புதுசா பனி விழுந்த நாள்ல ஆசைக்கு ஓட்டுங்க, உப்பு கரைஞ்சு கூழா ஓடுற நாள்ல மெட்ரோல போங்க. இந்தப் பழைய மாடல் இனிமே புதுசா வரப்போறதில்ல.

கேள்வி: பின்பக்கம் வெட்டிக்கிட்டு போனா கால என்ன பண்றது, பிரேக்கா ஆக்ஸிலேட்டரா?

பதில்: முதல்ல கிளட்ச். பயந்துபோய் ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால சட்டுன்னு எடுத்தா என்ஜின் பிரேக் விழும், அதாவது என்ஜினே சக்கரத்த இழுத்துப் பிடிக்கும், ரியர் வீல் டிரைவ்ல அது பின் சக்கரத்துல மட்டும்தான் விழும், ஐஸ்ல அதுவே ஹேண்ட் பிரேக் இழுத்த மாதிரி ஆகி வால் இன்னும் வெளிய போகும். கிளட்ச அமுக்கினா பின் சக்கரம் சுதந்திரமா உருளும், பிடிப்பு திரும்ப வரும். அதே நேரத்துல நீங்க போகணும்னு நினைக்கிற பக்கம் பாருங்க, கையும் தானா அங்க திரும்பும். வண்டி நேரானதும் ஸ்டியரிங்கயும் உடனே நேராக்கணும், இல்லன்னா அடுத்த பக்கம் வெட்டும், நிறைய பேர் மோதுறது இந்த ரெண்டாவது வெட்டுலதான். ஏபிஎஸ் இல்லாத வண்டியில பிரேக்க ஏறி மிதிக்காம, சக்கரம் லாக் ஆகுதுன்னு தெரிஞ்சதும் லேசா விட்டுட்டு மறுபடி அமுக்குங்க. டவுன்ஷிஃப்ட் பண்ணும்போது, அதாவது கீழ் கியருக்கு இறக்கும்போது, கொஞ்சம் ரெவ் குடுத்துட்டு கிளட்ச மெதுவா விடுங்க. கிளம்புறது ரெண்டாவது கியர்ல. இதெல்லாம் வாசிச்சா வராது சார், காலியா கிடக்கிற ஒரு பெரிய இடத்துல உரிமையாளர்கிட்ட அனுமதி வாங்கிட்டு உடம்புக்குப் பழகுற வரைக்கும் ஓட்டிப்பாருங்க.

கேள்வி: பழைய போர்ஷே 911 பனியில ரொம்ப ஆபத்துங்கிறாங்க, அதவிட நல்ல வண்டியே இல்லன்னும் சொல்றாங்க. எது சரி?

பதில்: ரெண்டுமே சரி. என்ஜின் பின் அச்சுக்கும் பின்னாடி உக்காந்திருக்கு, மொத்த எடையில கிட்டத்தட்ட 60 சதவீதம் பின் சக்கரத்து மேல, அதனால கிளம்புறதுலயும் ஏறுறதுலயும் மத்த ரியர் வீல் டிரைவெல்லாம் இதுக்கிட்ட நிக்க முடியாது. ஜனவரியில ஆல்ப்ஸ் மலையில நடக்குற மான்டே கார்லோ ராலிய 1968ல விக் எல்ஃபோர்ட், 1969லயும் 1970லயும் பியோர்ன் வால்டெகார்ட், அப்புறம் 1978ல ழான் பியர் நிக்கோலா, எல்லாரும் 911லதான் ஜெயிச்சாங்க. ஆனா மூக்கு லேசா இருக்கிறதால வளைவுல முதல்ல திரும்ப மாட்டேங்கும், நீங்க பதறி கால எடுத்தா அந்தப் பின்னாடி எடை மொத்தமா சுத்தி வந்துடும். வளைவுக்கு முன்னாடியே வேகத்தக் குறைச்சிட்டு, உள்ள போனதும் லேசா ஆக்ஸிலேட்டர் குடுத்துக்கிட்டே வெளிய வாங்க. 1983ல அதே ராலியில வால்டர் ரோர்ல், ரியர் வீல் டிரைவ் லான்சியா 037ல, நாலு சக்கரமும் இழுக்குற ஆடி குவாட்ரோவ ஜெயிச்சத ஆதாரமா காட்டி ரியர் வீல் டிரைவே போதும்னு பேசுறவங்களும் இருக்காங்க. ரோர்ல் மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு, ஆனா அந்த வருஷம் ரோட்ல பனி கம்மி, அத வச்சு வாதாடாதீங்க.

கேள்வி: டிக்கியில மணல் மூட்டை போடலாமா?

பதில்: முன்னாடி என்ஜின் இருக்கிற வண்டிக்கு ஓரளவு உதவும், பின் அச்சுக்கு நேர் மேல வர்ற மாதிரி வச்சு இறுக்கிக் கட்டணும், அதிகமா ஏத்தினா மூக்கு தூக்கிக்கிட்டு ஸ்டியரிங் கேக்காது. எம்எக்ஸ்-5ல டிக்கி முழுக்க அச்சுக்குப் பின்னாடி இருக்கு, பேட்டரியும் அங்கதான், அதனால சின்னதா ஒரு மூட்டை போதும். சக்கரம் ஒரே இடத்துல சுத்தினா அதுல இருந்து ரெண்டு கை மணல் எடுத்து டயருக்குக் கீழ தூவுங்க.