வீட்டில் பாட்டுக் கேட்பதற்கு, குறைந்த விலையில், காதை முழுதும் மூடும் ஹெட்ஃபோனை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நீங்கள் கேட்டிருப்பது பயணத்துக்கான ஹெட்ஃபோன் அன்று. வீட்டில் உட்கார்ந்து, கையைக் கடிக்காத விலையில், இசை கேட்பதற்கு மட்டும் ஒன்று. வேலை முடிந்தபின் ஓரிரண்டு மணி நேரம் நிதானமாகக் கேட்பவர் நீங்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். மூக்குக்கண்ணாடி அணிபவராக இருந்தால் இந்தப் பதில் உங்களுக்கு இன்னும் கூடுதலாகப் பயன்படும், ஏனென்றால் முதல் ஹெட்ஃபோனில் நான் பட்ட பாடு பெரும்பாலும் அதனால் வந்ததுதான்.

அந்த முதல் ஹெட்ஃபோனை நான் அட்டைப்பெட்டியைப் படித்து வாங்கினேன். 50 மில்லிமீட்டர் டிரைவர் (உள்ளே ஒலியை எழுப்பும் பாகம்), 40,000 ஹெர்ட்ஸ் வரை ஒலி, கூடுதல் பேஸ், கம்பியே இல்லாத புளூடூத் என்று பெட்டியின் நான்கு பக்கமும் எழுதியிருந்தது. மனிதக் காது கேட்பது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைதான், அதிலும் வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கிக்கொண்டே வரும் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. எத்தனை டெசிபல் ஒலியளவு ஏற்ற இறக்கத்துக்குள் அளக்கப்பட்டது என்று சொல்லாதவரை பெட்டியில் போட்டிருந்த அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது. டிரைவரின் அளவும் அப்படித்தான்: 40 மில்லிமீட்டர் டிரைவர் தெளிவாக ஒலிப்பதும் உண்டு, 50 மில்லிமீட்டர் டிரைவர் குழம்பி ஒலிப்பதும் உண்டு.

முதல் நாள் மாலை, எனக்கு நன்கு பழக்கமான ஒரு வயலின் பதிவைப் போட்டேன். பேஸ் அதிகம் என்று விற்கப்பட்ட ஹெட்ஃபோனில் கீழ்ச்சுரங்கள் சன்னமாகக் கேட்டன. தாடையை அசைத்தால் ஒரு கணம் கூடின, தலையைத் திருப்பினால் மறைந்தன. பொருளில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் அழுத்தியபோது பேஸ் மொத்தமாக வந்து நிறைந்தது. கையை எடுத்தேன், போய்விட்டது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொண்டேன், மறுபடியும் நிறைந்தது. காதைச் சுற்றிக் குஷன் சரியாகப் படிந்து காற்று உள்ளே அடைபட்டிருந்தால்தான் அவ்வளவு சிறிய டிரைவரால் கீழ்ச்சுரத்துக்கு வேண்டிய அழுத்தத்தை உண்டாக்க முடியும். கண்ணாடிக் கால் குஷனைத் தூக்கிப்பிடித்து உண்டாக்கும் ஒரு சிறு இடைவெளி போதும், முதலில் கசிந்துபோவது பேஸ்தான். இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. கண்ணாடி இல்லாமல் கேட்டபோது பேஸ் அளவுக்கு மீறிப் பெருகி, பாடும் குரலையும் வயலினையும் அமுக்கிவிட்டது. ஆக, கண்ணாடியோடு கேட்டால் ஒரு குறை, கழற்றிவிட்டுக் கேட்டால் வேறொரு குறை. அரை மணி நேரத்துக்குள் கண்ணாடிக் கால் பதிந்த இடத்தில், காதுக்குச் சற்று மேலே எலும்பின் மீது, வலியும் தொடங்கிவிடும்.

திருப்பிக் கொடுக்கப் போனபோது, பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள், காதில் வைத்த பொருளைத் திரும்ப வாங்க முடியாது என்றார்கள். சுகாதாரம் கருதிய விதி என்றால் அதை நான் மதிக்கிறேன். ஆனால் தலையில் மாட்டிப் பார்க்காமல் தெரிந்துகொள்ளவே முடியாத ஒரு பொருளை விற்பவர்கள், மாட்டிப் பார்ப்பதற்கென்று ஒன்றைக்கூடத் திறந்து வைக்காமல் இந்த விதியை மட்டும் வைத்திருப்பது நியாயமாகாது என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். ஒன்றரை ஆண்டுக்குள் குஷனின் செயற்கைத் தோல் உரிந்து, கறுப்புத் துணுக்குகளாகக் கழுத்திலும் சட்டையிலும் ஒட்டத் தொடங்கியது. மாற்றுக் குஷன் கேட்டால் அந்த உதிரிப்பாகம் தனியாக வருவதில்லை என்றும், பேட்டரி தளர்ந்துவிட்டது என்றால் அதைப் பிரித்து மாற்ற இயலாது என்றும் பதில் வந்தது.

இரண்டாவது ஹெட்ஃபோனை வாங்குமுன் நண்பர் ஒருவரிடமிருந்து அவருடையதை ஒரு வாரம் இரவல் வாங்கி, கண்ணாடி அணிந்தபடியே கேட்டேன். அது கம்பியுள்ளது, கிண்ணத்தின் வெளிப்புறம் மூடப்படாமல் வலைபோல் திறந்திருக்கும் ஓபன் பேக் வகை, குஷன் வெல்வெட் போன்ற துணியால் ஆனது. சென்ஹைசர் 1968-இல் ஹெச்டி 414 என்ற மாதிரியைக் கொண்டுவந்ததிலிருந்து இந்த வகை புழக்கத்தில் உள்ளது. ஒலி தலைக்குள் அடைந்துகிடக்காமல் சற்று வெளியே விரிந்து கேட்கும், காதும் வியர்க்காது. அமைதியான அறையில் கேட்பவருக்கு இதைவிடப் பொருத்தமான வகை இல்லை என்பது என் உறுதியான கருத்து. மென்மையான அந்தக் குஷன் கண்ணாடிக் காலைச் சுற்றிப் படிந்துகொண்டதால், உள்ளங்கையால் அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் பேஸில் எனக்குத் தெரிந்த வேறுபாடு மிகக் குறைவு. ஆழமான பேஸ் இந்த வகையில் பொதுவாகக் குறைவுதான். அதிரும் இசையையே விரும்புபவருக்கு இது ஏமாற்றம் தரலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே கேட்பது வெளியிலும் கேட்கும் என்பதால், அதே அறையில் யாராவது படிக்கவோ தூங்கவோ செய்கிறார்கள் என்றால் மூடிய வகையைத்தான் வாங்க வேண்டும். மூடிய வகை என்றால், 1991 முதல் ஒலிப்பதிவுக் கூடங்களில் புழங்கிவரும் சோனி எம்டிஆர்-7506 போல, பல ஆண்டுகளாக மாறாமல் விற்பனையில் இருக்கும் மாதிரிகளைப் பாருங்கள். அவற்றுக்கு மாற்றுக் குஷன் எளிதில் கிடைக்கும்.

ஓம் கணக்கையும், அதாவது ஹெட்ஃபோனின் மின்தடை அளவையும், ஒருமுறை பார்த்துவிடுங்கள். பேயர்டைனமிக் டிடி 770 புரோ என்ற ஒரே பெயரில் 32 ஓம், 80 ஓம், 250 ஓம் என்று வெவ்வேறு வகைகள் வந்துள்ளன. பெயரை மட்டும் பார்த்து 250 ஓம் வாங்கிவிட்டுக் கைபேசியில் செருகினால் ஒலி தணிந்துதான் கேட்கும், பிறகு ஆம்ப்ளிஃபயருக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டியிருக்கும். 32 ஓம் அளவில், ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபலை ஒட்டி உணர்திறன் (கொடுக்கும் மின்திறனுக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்ற அளவு) உள்ளதாக வாங்கினால் கைபேசியே போதும். கைபேசியில் 3.5 மில்லிமீட்டர் துளை இல்லையென்றால் யுஎஸ்பி-சி வழியாகச் செருகும் சிறு மாற்றி ஒன்று வேண்டும்.

புளூடூத் ஹெட்ஃபோன்களை நான் பழிக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். எழுந்து நடமாடிக்கொண்டே கேட்பவருக்கு அவை பெரிய வசதி. நான் சொல்வது நாற்காலியில் அமர்ந்து கேட்பவருக்கு. அதே விலையில் பேட்டரிக்கும் மைக்குக்கும் இரைச்சல் நீக்கும் மின்சுற்றுக்கும் போகும் பணம், கம்பியுள்ளதில் டிரைவருக்கும் குஷனுக்கும் போக வாய்ப்பு அதிகம். மலிவானதில் நல்ல ஒலியே வராது என்று சொல்பவர்களுக்கும் ஒரு செய்தி: பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் அதிர்வெண் அளவீடுகளை விலையோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் தொடர்பு காணப்படவில்லை என்று 2017-இல் எழுதியிருக்கிறார். எத்தனை காலம் உழைக்கும் என்பதையும் சொகுசையும் அவர் அளக்கவில்லை. அவற்றில் விலை தெரியத்தான் செய்யும்.

வாங்குமுன் இதைச் செய்து பாருங்கள். கீழ்ச்சுரம் விடாமல் ஒலிக்கும் பழக்கமான பாட்டு ஒன்றைப் போட்டு, கண்ணாடியோடு மாட்டிக்கொண்டு, இரண்டு கிண்ணங்களையும் மெதுவாக அழுத்தி விடுங்கள். பேஸ் சட்டென்று கூடினால் அது உங்கள் தலைக்குச் சரியாக உட்காரவில்லை, எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் வேண்டாம். சரியாக உட்கார்ந்தால் இருபது நிமிடம் கழற்றாமல் வைத்திருங்கள். கடையில் முடியாது என்றால் தெரிந்தவரிடம் இரவல் வாங்கியாவது செய்யுங்கள். காதுமடல் உள்ளே எதன்மீதும் இடிக்கக் கூடாது. ஒலியளவைக் கூட்டினால்தான் நன்றாக இருக்கிறது என்று தோன்றினாலும் அதை விட்டுவிடுங்கள், ஏனெனில் உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். மூன்று டெசிபல் கூடினாலே அந்த நேரம் பாதியாகிவிடும்.

இரவல் வாரம் முடிந்ததும் அதே மாதிரியையே நான் வாங்கினேன், ஆறு ஆண்டுகளாகிறது. சென்ற மாதம் இரண்டாம் முறையாகக் குஷன் மாற்றினேன். கழற்றிய பழைய குஷனில் கண்ணாடிக் கால் படிந்த தடம் ஒரு பள்ளமாக நின்றது, பஞ்சும் பாதிக்கு மேல் அமுங்கியிருந்தது. புதியதை மாட்டிக்கொண்டு அந்த வயலின் பதிவையே கேட்டேன். சில மாதங்களாகப் பதிவின் குறை என்று நான் எண்ணியிருந்த கீச்சுத்தன்மை அதில் இல்லை.