பாராட்டா, குத்தலா?

கேள்வி: புறநானூறு 95ஆம் பாட்டுல ஔவையார் தொண்டைமான்ங்கிற அரசனோட ஆயுதங்களைப் பாராட்டுற மாதிரிதான் எனக்குப் படுது. சார் இது வஞ்சப்புகழ்ச்சி, அதாவது புகழுற மாதிரி இகழுறதுன்னு சொல்றார். திட்டுற மாதிரி ஒரு வார்த்தைகூட இல்லையே, எப்படிக் கண்டுபிடிக்கிறது? – கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: ஆமாம்மா, திட்டு எங்கயுமே இல்ல. யாரு, யாருகிட்ட, எங்க நின்னு பேசுறாங்கன்னு முதல்ல பாருங்க. அதியமான்ங்கிற இன்னொரு அரசனுக்காகத் தூது வந்த ஔவையாருக்கு தொண்டைமான் தன்னோட ஆயுதக் கொட்டிலைக் காட்டுறான், என் பலத்தைப் பாருன்னு. அங்க நின்னுக்கிட்டு அவங்க சொல்றாங்க, இங்க இருக்கிற வேலெல்லாம் மயில் பீலி கட்டி மாலை போட்டு காம்பைத் திருத்தி நெய் பூசி காவல் போட்ட பெரிய அரண்மனையில இருக்கு, எங்க தலைவனோட வேல் பகைவரைக் குத்தி நுனி சிதைஞ்சு கொல்லனோட சின்னப் பட்டறையில கிடக்குன்னு. அவ்வளவுதான். பொய்யே இல்ல, கண்ணு முன்னாடி இருக்கிறதத்தான் சொல்றாங்க, ஆனா ரெண்டையும் பக்கத்துல வச்சதும் நெய் பூசின வேல் சண்டையையே பார்க்காத வேலா ஆயிடுது, உடைஞ்சதுதான் பெருமை, அதை தொண்டைமான் மூஞ்சிக்கு நேரா சொல்றாங்க பாருங்க, அந்தத் துணிச்சல் எனக்கு இன்னைக்கும் சிலிர்க்குது. அப்புறம் வர்ற வரிகள்ல குத்தலே கிடையாது. இருந்தா கொடுப்பான், இல்லைன்னா இருக்கிறதைக் கூடவே உக்காந்து சாப்பிடுவான், இல்லாதவங்களோட சொந்தத்துக்குத் தலைவன்னு அதியமானை மனசாரப் புகழுறாங்க.

இன்னொண்ணு, ரெண்டு அரசர் பேரும் பாட்டுக்குள்ள கிடையாது, கீழ இருக்கிற குறிப்புதான் சொல்லுது. அதைத் தாண்டிட்டுப் படிச்சா வெறும் ஆயுத வர்ணனையாத்தான் தெரியும், நீங்க தடுமாறினது அங்கதான்னு நினைக்கிறேன்.

கேள்வி: "தேவர் அனையர் கயவர் அவரும்தாம் மேவன செய்தொழுக லான்" – குறள் 1073 கயவரை மட்டும் குத்துதா, தேவரையுமா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: கயவரும் தேவர் மாதிரிதான், அவங்களும் இஷ்டப்படி நடக்கிறதால, இதுதான் குறள் சொல்றது. புகழுற மாதிரி கயவரை, அதாவது கீழ்மக்களை, இகழ்ந்ததுன்னுதான் குறளுக்கு உரை எழுதின பரிமேலழகர் எடுத்துக்கிறார். ஆனா 'அவரும்'னு ஒரு 'உம்' போட்டிருக்காரே வள்ளுவர், தேவரும் இஷ்டப்படி நடக்கிறவங்கன்னு ஒத்துக்கிட்டாத்தானே இந்த ஒப்புமையே நிக்கும்? அதனால அடி ரெண்டு பக்கமும் விழுதுன்னு படிக்கவும் இடம் இருக்கு. எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும், ஆனா முதலாவது தப்புன்னு சொல்ல மாட்டேன், அந்தக் குறள் ரெண்டையுமே தாங்குது.